அம்மம்மாவின் பெயரில் டயாலிசிஸ் மெஷின் கொடுக்க மாமா நினைக்கிறார். திருகோணமலையில் யாராவது வழி சொல்லுங்கள்

உப்புவெளி ரீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் தாய்மாமா எண்பத்தாறில் கனடா போனவர். ரொறன்ரோவில் முப்பது வருடத்துக்கு மேல் பலசரக்குக் கடை நடத்தி, போன வருடம்தான் அதை விற்றார். அவருடைய அம்மா, அதாவது என் அம்மம்மா, நிலாவெளியில் எங்கள் பழைய வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். இருபது வருடமாகச் சீனி வருத்தம். அது மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கடைசி எட்டு மாதம் கிழமைக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். விடிய நாலரைக்கு எழுப்பி, சட்டை மாற்றி, ஓட்டோவில் என் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டி வருவேன். திரும்பும்போது அவருக்குக் கதைக்கவும் சீவன் இருக்காது. 2024 ஆவணியில் போய்விட்டார். மாமாவால் செத்தவீட்டுக்கு வந்துசேர முடியவில்லை. அந்தத் துக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

2025 மே மாதம் பில் கேட்ஸ் ஓர் அறிவிப்புச் செய்தார் அல்லவா? தன் சொத்தில் ஏறக்குறைய முழுவதையும் அடுத்த இருபது வருடத்தில் கொடுத்து முடித்துவிட்டு, 2045 டிசம்பர் 31ஆம் திகதி தன் அறக்கட்டளையையே மூடிவிடப் போவதாக. அதற்குள் 200 பில்லியன் டொலர் அளவில் செலவாகும் என்றார். அன்று இரவே மாமா எனக்குப் போன் அடித்தார். "அவ்வளவு வைச்சிருக்கிற மனுசனே குடுத்து முடிக்கப் போறன் எண்டு சொல்லுறார். நான் யாருக்கு, பிள்ளை, காசை வைச்சுக்கொண்டு இருக்கிறன்?" என்று கேட்டார். குரல் தழுதழுத்தது.

அவர் ஒதுக்கியிருப்பது ஐம்பதாயிரம் கனேடிய டொலர். எங்கள் காசில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்கிக் கொடுத்து, அதில் அம்மம்மாவின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் அது நல்லதாகத்தான் படுகிறது. ஆனாலும் மனதுக்குள் ஏதோ ஒன்று உறுத்துகிறது. எட்டு மாதம் அந்த அறைக்கு வெளியே வாங்கிலில் இருந்தவள் நான். உள்ளே மெஷினைத் தவிர வேறு எத்தனையோ வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுகாதாரத்துக்கென்று பெருந்தொகை கொடுத்தவர்கள் உலகத்தில் நூறு வருடமாக இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்ததில் எது நிலைத்தது, எது வீணாய்ப் போனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் சின்னக் காசுக்கும் அது பொருந்துமா? மாமா தை மாதம் வருகிறார். அதற்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

குச்சவெளித் தாதி

தங்கச்சி, அம்மம்மாவை நினைத்து மனம் கனத்துவிட்டது. நான் இருபத்தேழு வருடம் தாதியாக வேலை செய்தவள். இந்த மாவட்டத்தில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் இருந்திருக்கிறேன்.

உங்களை உறுத்தியது என்னவென்று எனக்கு விளங்குகிறது. ஒரு தரம் டயாலிசிஸ் செய்ய நாலு மணித்தியாலம் ஆகும். அந்த நேரத்துக்குள் ஒரு நோயாளிக்கு 120 லீற்றர் அளவு தண்ணீர் மெஷினுக்குள் ஓடுகிறது. குழாய்த் தண்ணீர் சரிவராது. நன்றாக வடித்துச் சுத்தம் செய்த தண்ணீர் வேண்டும். அதற்குத் தனி இயந்திரத் தொகுதி, அதற்கு மாற்றுவதற்கு வடிகள். ஒவ்வொரு நோயாளிக்கும் இரத்தத்தை வடிக்கும் குழல், ரியூப், ஊசி, மருந்து. பயிற்சி எடுத்த தாதிமார். மெஷின் ஒருதரம் வாங்குவது, மற்றதெல்லாம் கிழமைக்குக் கிழமை வாங்குவது. ஏற்கனவே டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் பணிப்பாளரே "இந்த வகை மெஷின் ஒன்று குறைகிறது, மற்றவை எங்களிடம் உண்டு" என்று எழுத்தில் கேட்டால் கொடுக்கலாம். கேட்காத இடத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை செய்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) இதைக் கண்ணால் பார்த்தேன். கனடாவில் இருந்து ஓர் ஐயா ஸ்கேன் மெஷின் அனுப்பினார். நல்ல மனிதர், தன் தாய் பிறந்த ஊர் என்று அனுப்பினார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230. இடையில் வைக்கும் ட்ரான்ஸ்போமர் வந்து சேரவே மூன்று மாதம். ஒருவழியாகப் பூட்டி நாலு மாதம் வேலை செய்தது. வயிற்றில் இரண்டாவது பிள்ளையோடு வந்த ஒரு தாய்க்கு அதில்தான் முதன்முதல் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டினோம். அவள் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் திரை கறுத்துவிட்டது. பாகம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், யார் காசு கட்டுவது என்று எவருக்கும் தெரியாது. வெள்ளைத் துணியால் மூடி மூலையில் வைத்தோம். இரண்டு வருடம் கழித்து அந்த ஐயா வந்து "மெஷின் எப்படி?" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை.

நல்லபடியாகக் கொடுத்த கதையும் ஒன்று சொல்கிறேன். முன்பு கிளினிக்குக்கு வரும் கைக்குழந்தைக்கு முக்கூட்டு ஊசி ஒன்று, ஈரல் அழற்சிக்கு இன்னொன்று என்று குத்துவோம். 2008 ஜனவரியில் ஐந்து நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி வந்தது. மூளைக் காய்ச்சலையும் நியூமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான மருந்தும் அதற்குள் இருந்தது. அந்த வருடமே சில குழந்தைகளின் மரணத்தால் அதை நிறுத்தி, ஆராய்ந்து பார்த்து, 2010இல் மறுபடி தொடங்கினார்கள். இரண்டு மாதம், நாலு மாதம், ஆறு மாதம் என்று ஆயிரக்கணக்கான தொடையில் நானே போட்டிருப்பேன். அதை இங்கே கொண்டுவர உதவியது காவி என்ற தடுப்பூசிக் கூட்டணி. அது 2000இல் தொடங்குவதற்கு கேட்ஸ் அறக்கட்டளைதான் 750 மில்லியன் டொலர் முதலில் வைத்தது.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு விசயம். தடுப்பூசியைச் சும்மா தரவில்லை. தொடக்கத்தில் நாடு சின்னப் பங்கு கட்ட வேண்டும். நாட்டின் வருமானம் ஏற ஏறப் பங்கும் ஏறும், கடைசியில் முழுவதையும் நாடே வாங்க வேண்டும். கொடுக்கத் தொடங்கும்போதே எப்படி விலகுவது என்பதையும் எழுதி வைத்துவிட்டார்கள். இன்றைக்கு இலங்கை தன் காசில் வாங்குகிறது. உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மலேரியாக்காரர்

பிள்ளை, நான் தம்பலகாமத்துக்காரன். முப்பத்தொரு வருடம் மலேரியா தடை இயக்கத்தில் வெளிக்கள வேலை செய்து ஓய்வு பெற்றவன். மூதூர், தோப்பூர், வெருகல் பக்கம் என் பெயர் யாருக்கும் தெரியாது, மலேரியாக்காரர் என்றால் தெரியும். அதனால் இங்கேயும் அதே பெயர்.

தாதி அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் இன்னும் பின்னாலே போகிறேன். களுத்துறைக்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு இந்தக் கதை தெரியவந்தது. அமெரிக்க எண்ணெய் முதலாளி ரொக்ஃபெல்லர் 1913இல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அவர்களுடைய ஆட்கள் 1916இல் இலங்கைக்கு வந்து, தோட்டங்களில் கொக்கிப் புழுவை ஒழிக்க வேலை தொடங்கினார்கள். கொக்கிப் புழு தெரியும்தானே? வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தால் தோலால் உள்ளே ஏறிக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் சனம் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் கிடந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, சனம் கொஞ்சம் தெம்பானது. ஆனால் மலசலகூடம் கட்டுவது தோட்டத்துரைமாரின் பொறுப்பு. அவர்கள் அதற்குக் காசு செலவழிக்கப் பின்னின்றார்கள். மருந்து குடித்தவன் அடுத்த நாளும் அதே மண்ணில்தான் நடந்தான். புழு திரும்பவும் ஏறியது.

அதில் இருந்துதான் அவர்கள் படித்தார்கள். ஒரு நோயை மட்டும் துரத்திப் பிரயோசனம் இல்லை என்று கண்டு, 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்க அரசாங்கத்தோடு சேர்ந்து கைகொடுத்தார்கள். ஒரு வைத்தியர், பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி எல்லோரும் ஓர் எல்லைக்குள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. பிறப்பு, இறப்பு, கிணறு, மலசலகூடம், கர்ப்பிணி, தடுப்பூசி எல்லாம் ஒரே இடத்தில் பதிவு. இன்றைக்கு நாங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை என்று சொல்வதற்கு அதுதான் முன்மாதிரி. ரொக்ஃபெல்லரின் காசு இலங்கையில் எதில் நிலைத்தது என்று என்னைக் கேட்டால் அந்த ஏற்பாட்டைத்தான் காட்டுவேன். கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். மருத்துவிச்சி இன்றைக்கும் உங்கள் ஒழுங்கைக்குள் வருகிறார்.

இரண்டாவது, என் சொந்த வேலை. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் இந்த நாட்டில் எண்பதாயிரம் பேர் அளவில் கொண்டுபோனது. பிறகு டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்தை அடித்து அடித்து 1963இல் நாடு முழுவதற்கும் வெறும் 17 பேர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பதினேழு! நோய் போய்விட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். மருந்தடிப்பு நின்றது, இரத்தம் எடுப்பது தளர்ந்தது, காசும் வேறு பக்கம் போனது. 1968–69இல் அரை மில்லியனுக்கு மேல் காய்ச்சல்காரர். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது அந்தப் பதினேழைத்தான்.

1999இல் மறுபடி இரண்டரை லட்சத்துக்கு மேல். வடக்கு கிழக்கில்தான் கூட. அந்தக் காலத்தில் எங்கள் வேலை என்னவென்று சொல்கிறேன். இடது கை மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டைக் கண்ணாடித் தட்டில் எடுத்து, இன்னொரு தட்டின் மூலையால் வட்டமாகக் கலக்கிச் சின்னக் காசளவுக்குப் பரப்புவோம். ஈரமாக இருக்கும்போதே அதைப் பேப்பர் மேல் வைத்தால் கீழே உள்ள எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தடிப்புக் கூடிவிட்டது. காயும்வரை பக்கத்தை விட்டு அசையக் கூடாது, அசைந்தால் எறும்பும் ஈயும் வந்து இரத்தத்தைத் தின்றுவிடும். பென்சிலால் இலக்கம் எழுதி, கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, மூதூரில் இருந்து லோஞ்சில் திருகோணமலைக்குக் கொண்டுவருவோம். யுத்த காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டாத காவலரண் இல்லை.

2002இல் உலக நிதியம் என்று ஒன்று தொடங்கியது. எயிட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும். அதில் பெரும்பங்கு அரசாங்கங்கள் போட்ட காசு. ஆனால் தொடங்குவதற்கு முதல் வருடமே கேட்ஸ் அறக்கட்டளை 100 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. 2012இல் நிதியம் தள்ளாடியபோது இன்னும் 750 மில்லியனுக்கு உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. அந்த நிதியத்தின் காசு எங்கள் பக்கம் நுளம்பு வலையாகவும் நடமாடும் கிளினிக்காகவும் வந்தது. மருந்தூட்டிய வலையை நானே வெருகலில் சேனைப் பயிருக்குக் காவல் இருக்கும் பரணுக்குள் கட்டிக் கொடுத்திருக்கிறேன். "உள்ளுக்கு வெக்கை, தம்பி" என்பார்கள். காற்றுப் படும் பக்கம் பார்த்து மரத்துக்கு மரம் கயிறு இழுத்துக் கட்டினால் படுப்பார்கள்.

ஆனால் பிள்ளை, வலையைப் பற்றிச் சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்து மலேரியாவில் கூடுதலானது ஈரலுக்குள் ஒளித்திருக்கும் வகை. அதற்குப் பதினாலு நாள் மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் சனம் மாத்திரையை நிறுத்திவிடும். அப்புறம் ஒரு மாதத்திலோ ஆறு மாதத்திலோ அது எழும்பி வரும், அவரைக் கடித்த நுளம்பு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். அதனால் ஒவ்வொருவராகத் தேடிப் போய், மாத்திரைப் பையை வாங்கி எண்ணிப் பார்ப்போம். ஒருநாள் இரவு ஒரு வயோதிபரின் பரணுக்கு டோர்ச் லைட்டோடு ஏறினேன். ஒன்பதாம் நாள். பையில் ஐந்து நாளைக்குரியது இருக்க வேண்டும், எட்டு நாளைக்குரியது இருந்தது. யானைக் காவலுக்கு இருந்தவர், மறந்துபோனாராம். அன்றைக்குரியதை என் கண் முன்னே விழுங்க வைத்துவிட்டு, மிச்ச நாள் முழுவதும் தினம் போனேன். அங்கே சைக்கிளில் போய்வர பதினெட்டுக் கிலோமீற்றர், மண் றோட்டு.

உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது. ரீவியில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி "உங்கட சைக்கிள் வாங்கித் தந்தது" என்றாள்.

உலகத்தின் பெரிய காசு எதற்காவது பயன்பட்டது என்றால், இப்படி வராத ஆளைத் தேடிப் போகும் ஒருவருக்குப் பின்னால் நின்றபோதுதான் பயன்பட்டது. மாமாவின் காசும் அப்படி ஒருவரைச் சைக்கிளில் ஏற்றட்டும் என்று நான் கேட்பேன்.

இன்னொன்று. கார்னகி என்ற இரும்பு முதலாளி 2,500க்கு மேல் நூலகங்கள் கட்டிக் கொடுத்தவர். கட்டுவதற்கு முன் அந்த ஊர் நிலம் தர வேண்டும். அதோடு தான் தந்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்குவதாக எழுதியும் தர வேண்டும் என்பார். நூலகமோ ஸ்கேன் மெஷினோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த வருடம் இதற்கு யார் காசு?

கிண்ணியா நானா

ஸலாம், எல்லோருக்கும். ஐயா எழுதியதை வாசித்து உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மலேரியாக்காரர் வந்தால் தான் சின்ன வயதில் வேலிக்குப் பின்னால் ஒளிப்பேன் என்று சொன்னார்.

நான் கொஞ்சம் வேறு பக்கம் நிற்கிறேன். 2017 மார்ச் மாதம் கிண்ணியாவில் டெங்கு வந்தது. எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. என் தம்பியின் மகள், எட்டு வயது, நாலு நாள் பிளேட்லெட் எண்ணி எண்ணிக் கிடந்தோம். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தாள். பக்கத்து வீட்டில் பிழைக்கவில்லை. அந்த வருடம் இலங்கை முழுவதும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு. அப்போது எனக்கு வந்த கோபம் இதுதான்: உலகத்துப் பணக்காரர் எந்த நோயைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அந்த நோய்க்குத்தான் காசு. உலக சுகாதார நிறுவனத்துக்குக் காசு கொடுப்பவர்களில் முன்வரிசையில் கேட்ஸ் என்ற ஒரு தனியார் அறக்கட்டளை நிற்கிறது. அது கொடுப்பதில் பெரும்பகுதி "இன்னதற்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுப்பது. போலியோவுக்கென்று கொடுத்ததை எடுத்து வேறு ஒன்றுக்குச் செலவழிக்க முடியாது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் விருப்பம் இத்தனை நாடுகளின் வேலைத் திட்டத்தை இழுத்துக்கொண்டு போவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தோனேசியாவில் தாஹிஜா என்ற குடும்பத்தின் அறக்கட்டளை. யோக்யகர்த்தா நகரத்தில் டெங்குவுக்கென்று பல வருடம் காசு போட்டது. வொல்பாக்கியா என்ற நுண்ணுயிரை நுளம்புக்குள் ஏற்றி விட்டால் அது டெங்குவைப் பரப்புவது வெகுவாகக் குறையும். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சிலவற்றில் விட்டு, மற்றவற்றில் விடாமல் ஒப்பிட்டார்கள். விட்ட பகுதியில் டெங்கு 77 வீதம் குறைந்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். அந்த நாட்டுக்காரரே தங்கள் நாட்டு நோயைத் தேர்ந்து, பலன் தெரியும்வரை விடாமல் நின்றார்கள். தொடங்குவதற்கு முன் ஊர்ச் சனத்திடம் சம்மதமும் வாங்கினார்கள்.

தங்கச்சி, உங்கள் மாமாவும் வெளிநாட்டில் இருந்து முடிவெடுத்துக்கொண்டு வர வேண்டாம். நிலாவெளியில் அம்மம்மாவோடு கிளினிக்குக்குப் போன பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்கட்டும்.

உப்புவெளி ரீச்சர்

தாதி அக்கா, மலேரியா ஐயா, நானா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு மாமாவுக்கு எல்லாவற்றையும் போனில் வாசித்துக் காட்டினேன். ஸ்கேன் மெஷின் கதை வந்தபோது ஒன்றும் பேசவில்லை. ஐயா பரணில் ஏறிய இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் "அம்மான்ரை கிளினிக் கொப்பி இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது, சாமி அறையில் பழைய பஞ்சாங்கத்துக்குக் கீழே. மட்டையைக் கழற்றிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பும்போதுதான் நான் கண்டேன். மாதா மாதம் திகதி, சீனி, பிரஷர், வைத்தியரின் ஒப்பம். 2022 பங்குனிக்குப் பிறகு அடுத்த திகதி ஐப்பசி. இடையில் ஆறு மாதம் வெறுமை. பெற்றோல் இல்லாத காலம். ஓட்டோ ஓடவில்லை, பஸ் வந்தால் உண்டு, நான் பாடசாலைக்கே சைக்கிளில் போனேன். அம்மம்மா "மருந்து இருக்குப் பிள்ளை" என்று சொன்னார், நானும் நம்பிவிட்டேன். ஐப்பசியில் பார்த்த பிரஷர் 190க்கு 110. அடுத்த வருடம்தான் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒருவரும் ஏன் வரவில்லை என்று கேட்டு எங்கள் படலையைத் தட்டவில்லை. நானும் தட்டவில்லை.

மாமா இப்போது மெஷினைப் பற்றிக் கதைக்கவில்லை. சீனிக்கும் பிரஷருக்கும் கிளினிக்குக்கு வராமல் விட்டவர்களைத் தேடிப் போக ஒரு வழி இருந்தால், காசை ஐந்து வருடத்துக்குப் பிரித்துத் தருகிறேன் என்கிறார். பெயர்ப்பலகையைப் பற்றி மட்டும் கேட்டார். "அப்ப அம்மான்ரை பேர் எங்கை வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இதை எப்படிச் சட்டப்படி செய்வது? அரசாங்க ஊழியருக்கு நாங்கள் சம்பளம் கொடுக்க முடியாதுதானே?

மலேரியாக்காரர்

பிள்ளை, முதலில் ஒன்று. அந்த ஆறு மாதத்தை உங்கள் தலையில் போட வேண்டாம். தேடிப் போக ஓர் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. மலேரியாவுக்கு நாங்கள் இருந்தோம். சீனிக்கு அப்படி யாரும் இல்லை.

பெயரைப் பற்றி மாமாவுக்கு ஒரு கடைக்காரரின் கதை சொல்லுங்கள். விமான நிலையங்களில் தீர்வையற்ற கடை நடத்திப் பெரும் பணக்காரரான அமெரிக்கர், சக் ஃபீனி. எட்டு பில்லியன் டொலர் கொடுத்தார். வியட்நாமில் ஆஸ்பத்திரிகளும் கிராமத்துச் சுகாதார நிலையங்களும் அந்தக் காசில் எழும்பின. ஒன்றிலும் தன் பெயர் போட விடவில்லை. பல வருடம் கொடுப்பது யாரென்றே வெளியில் தெரியாது. கொடுத்து முடித்து 2020இல் தன் அறக்கட்டளையை மூடியபோது அவர் மனைவியோடு வாடகை வீட்டில் இருந்தார். மாமா அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், தாயின் பெயரை எழுத ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. தேடிப் போகிறவர் கொண்டுபோகும் கொப்பியின் முன்மட்டையில் அச்சிடலாம். வீட்டுக்கு வீடு போகும்.

சம்பளம் கொடுக்க முடியாது, சரி. எம்.ஓ.எச்.இன் சம்மதத்தோடு ஊர்ச் சங்கம் ஒன்றின் மூலம் தொண்டர்களுக்குப் போக்குவரத்துப் படி கொடுக்கலாம். எங்கள் காலத்திலும் தொண்டர்கள் இருந்தார்கள். நிலாவெளிப் பெண்கள் இரண்டு பேர், சைக்கிள் இரண்டு, பிரஷர் பார்க்கும் கருவி, சீனி பார்க்கும் கருவி, அதற்கு ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப்தான் தீர்ந்துகொண்டே இருக்கும், ஐந்து வருடத்துக்கும் அதைக் கணக்குப் போட்டு வையுங்கள், நீங்கள் கணிதம் படிப்பிக்கிறவர். ஐந்து வருடத்துக்குப் பிறகு யார் பொறுப்பு என்பதைப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரிடம் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். தாதி அக்கா, நீங்களும் வந்தால் நல்லது, கருவியைப் பிடிக்கப் பழக்க ஒருவர் வேண்டும். கிண்ணியாத் தம்பி சொன்னபடி பெண்களைக் கூட்டிக் கேட்பதை மாமா வருவதற்கு முன்னே நீங்கள் செய்யலாம், கோயில் மண்டபம் போதும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எம்.ஓ.எச். பணிமனைக்கு நான் வருகிறேன். கொப்பியைக் கையில் எடுத்து வாங்கோ, போட்டோ வேண்டாம். அந்த வெறும் பக்கத்தை டொக்ரர் தன் கையால் புரட்டிப் பார்க்கட்டும்.